ஒன்று இருபதில் நின்ற வெயில்

அந்த உப்பளத்தில் ஏழு வருஷமாகச் சூரியன் கம்பெனி சொன்னபடி நடந்துகொண்டது. காலையில் எல்லா ஊருக்கும் உதிப்பது போலவே உதிக்கும், உடைமரக் காட்டுக்கு மேலே ஏறும், பாத்தி பாத்தியாகத் தேங்கிய உப்புத் தண்ணீரில் முகம் பார்க்கும். ஆனால் உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில், கம்பத்தில் கட்டியிருந்த செல்போன் ஒலிபெருக்கி வழியாக ஆறு மணிச் சங்கை ஊதியதும், அளத்தின் நான்கு கரைக்குள் மட்டும் அது தன் நடையைத் தளர்த்திவிடும். செல்போனில் பத்து என்றால் காலடியில் கிடப்பதும் பத்து மணி நிழல்தான், செல்போனில் பன்னிரண்டு என்றால் நிழல் பாதத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், செல்போன் இரண்டு என்று ஊதுகிறவரை இரண்டு ஆகாது. நாற்பத்து மூன்று பெண்கள் அந்த வெயிலுக்குள் உப்பு வாரினார்கள், உப்பு சுமந்தார்கள், தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவித்தார்கள், இரண்டு மணிச் சங்கு ஊதியதும் சுமைப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டைத் தாண்டினார்கள். தாண்டுகிற அந்த ஓர் எட்டில் அவரவர் நிழல் காலைப் பிய்த்துக்கொண்டு துள்ளி ஒரு முழம் நீளும், ரோட்டில் பள்ளிக்கூட வேன் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும், டீக்கடையில் சாயங்கால வடை பாதி தீர்ந்திருக்கும். பெண்கள் துள்ளிய நிழலை ஒரு தடவை குனிந்து பார்ப்பார்கள், முந்தானையால் கழுத்து உப்பைத் துடைப்பார்கள், நடப்பார்கள். புதிதாக வேலைக்கு வந்தவள் மட்டும் முதல் வாரத்தில், "எக்கா, இதென்ன நிழல் இப்படி எகிறுது?" என்று கேட்பாள். "கேட்டுப் பக்கம் அப்படித்தான் புள்ள, பாத்துக் கால வை" என்பார்கள், பள்ளம் இருக்கிற இடத்தைக் காட்டுவது போல.

நிழலைப் பார்த்து நேரம் சொல்லுகிற பெண்களைக் கடிகாரத்தை மட்டும் திருத்தி ஏமாற்ற முடியாது. அதனால்தான் சின்ன முதலாளியின் சிநேகிதன் ஒருவன் அந்தச் செல்போனோடு பிறந்த மென்பொருளை எடுத்துப் போட்டுவிட்டு, தானே திருத்திய ஒன்றை உள்ளே ஏற்றினான் என்பதும், அந்த மென்பொருளுக்கு ஒரு மணி என்றால் எழுபத்தைந்து நிமிஷம் என்பதும் பிற்பாடு தெரியவந்தது. வேறு செல்போனோ கைக்கடிகாரமோ அளத்துக்குள் வரக்கூடாது; உப்புக் காற்று தின்றுவிடும் என்று காரணம் சொல்லி, கேட்டில் ஒரு தகரப் பெட்டி வைத்து எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெயில் அந்த மென்பொருளுக்கு ஏன் கட்டுப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கரைக்குள் எல்லோரும் எதற்காவது கட்டுப்பட்டுத்தான் இருந்தார்கள்.

ஈர உப்பு நிறைந்த பெட்டியை எவளாலும் தனியாகத் தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. ஒரு காதை இவள் பிடிக்க மறு காதை அவள் பிடிக்க, ஒரே மூச்சில் தூக்கிச் சும்மாட்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். அதனால் பெண்கள் ஜோடி ஜோடியாகத்தான் வேலைக்குச் சேர்வார்கள், ஜோடி வராத நாளில் மற்றவளும் வீட்டுக்குத் திரும்புவாள், கல்யாணம் பேசுவதைவிட ஜோடி சேர்ப்பதற்குத்தான் அங்கே அதிக யோசனை நடக்கும். அமலோற்பவத்துக்குப் பேச்சித்தாய் ஜோடி. பன்னிரண்டு வருஷம் ஒருத்தி தலையில் இன்னொருத்தி சுமை ஏற்றினார்கள், ஒருத்தி மாதா கோயில் கொடியேற்றத்துக்கு இன்னொருத்தி பூ வாங்கினாள், அவள் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு இவள் மஞ்சள் அரைத்தாள், மூச்சு ஒன்றாகிப்போயிருந்ததால் "ம்" என்று யார் சொன்னது என்று அவர்களுக்கே தெரியாது.

ஒரு சித்திரை மாதத்தில் அமலோற்பவம் பெட்டியை ஏற்றிவிட்டபோது பேச்சித்தாய் சுமைக்கு அடியிலிருந்து கேட்டாள்: "மணி என்னட்டி ஆவுது?"

அமலோற்பவம் கம்பத்தைப் பார்த்தாள். "ஒண்ணு இருபது."

"இன்னும் ஒண்ணு இருபதுதானா?" என்று பேச்சித்தாய் சிரித்தாள், வரப்பில் நடந்தாள், பதினோராவது எட்டில் முதலில் பெட்டி விழுந்தது, அப்புறம் அவள் விழுந்தாள். நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கேட்டைத் தாண்டும்போது நான்கு நிழலும் துள்ளின, தூக்கப்பட்டவளின் நிழலும் துள்ளியது. ஆட்டோக்காரர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மணியைப் பார்த்தார். மூன்று பத்து.

கம்பெனி நோட்டில் கங்காணி மாசானம் எழுதினார், சின்ன முதலாளி சொல்லச் சொல்ல எழுதினார்: இரண்டு மணிக்கு வேலை முடிந்தது, பேச்சித்தாய் மூன்று பத்துக்கு ரோட்டில் இறந்தாள், போகும் வழியில் எங்கே நின்றாளோ யாரோடு பேசினாளோ கம்பெனிக்குத் தெரியாது. இந்தக் கடைசி வரியைத்தான் அமலோற்பவத்தால் விழுங்க முடியவில்லை. வேலை செய்ய வேண்டுமென்றால் மணி ஒன்று இருபது, செத்துப்போனால் மணி மூன்று பத்து. அவள் ஆபீசுக்குப் பதினோரு தடவை நடந்தாள். "பணம் காசு கேக்க வரல அண்ணாச்சி. அவ ரோட்டுல சாகல. தலைச்சுமையோட செத்தா. அந்த எழுத்த மாத்துங்க" என்றாள். பதினோரு தடவையும் மாசானம் அவள் முகத்தைப் பார்க்காமல், "செல்லு காட்டுற நேரத்தத்தான் தாயி எழுத முடியும்" என்றார். எந்தச் செல்லு என்று அவரும் சொல்லவில்லை. வரப்பில் பேச்சித்தாயின் பெட்டி விழுந்த இடத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. நாற்பத்து இரண்டு பெண்களும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், எடுத்து வைக்கச் சொன்னபோது யாருக்கும் காது கேட்கவில்லை.

இதற்கிடையில் கம்பத்துச் செல்போன் பழசாகிவிட்டது. சின்ன முதலாளி புதுசு வாங்கி அதே மென்பொருளை ஏற்றிக் கட்டினார். பழசைக் கல்லால் உடைத்துக் கடலில் போடச் சொல்லி மாசானத்திடம் கொடுத்தார். நன்றாக எரிகிற விளக்கை உடைப்பது போலிருந்தது, மாசானத்துக்குக் கை வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் விற்றுவிட்டார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அது நான்கு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள், தன் பட்டன் செல் உப்புத் தண்ணீரில் விழுந்து ஊமையாகிப்போன அமலோற்பவம் வந்து, இருப்பதில் மலிவானது என்று கேட்டு அதை வாங்கிப் போனாள். வீட்டில் போய்த்தான் கவனித்தாள். மூலையில் உடைந்த கண்ணாடி, முதுகில் கம்பி அறுத்த தடம், சார்ஜ் போடுகிற துளையில் வெள்ளையாக உப்பு. ஏழு வருஷம் அண்ணாந்து பார்த்த முகம் அது.

அன்றிலிருந்து அளத்துப் பெண்கள் குடியிருந்த காலனியில் சூரியன் கடைசியாக மறைகிற வீடு அமலோற்பவத்தின் வீடாயிற்று. சங்கு ஊத அங்கே ஒலிபெருக்கி இல்லாததால், எப்போது நிறுத்துவது என்று செல்போனுக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும். தெருவெல்லாம் விளக்குப் போட்டுவிட்ட பிறகும் அவள் வீட்டு வாசலிலும் முற்றத்திலும் வெயில் கிடந்தது. காலனிக்கு முதல் நாள் ஆச்சரியமாக இருந்தது, இரண்டாம் நாள் வசதியாக இருந்தது, மூன்றாம் நாள் உரிமையாகிவிட்டது. கண் மங்கியவர்கள் ஊசியில் நூல் கோக்க வந்தார்கள், வடகம் காயாதவர்கள் துணியோடு தூக்கிக்கொண்டு வந்து விரித்தார்கள், பத்தாம் வகுப்புப் பெண்கள் கரண்ட் இல்லாத சாயங்காலங்களில் புத்தகத்தோடு வந்தார்கள், மஞ்சள் பூத்துப் பிறந்த குழந்தைகளை இளவெயிலில் காட்டச் சொல்லி நர்சம்மா அனுப்ப, அந்தக் குழந்தைகள் கைகாலை உதறிக்கொண்டு அந்த வெயிலில் படுத்துக் கிடந்தன. மழைக்காலத்தில் வரிசை வைக்க வேண்டியிருந்தது. "கம்பெனி வெயிலு உங்க வீட்டுல எதுக்குட்டி வந்து கெடக்கு?" என்று ஒரு நாள் இசக்கியம்மாள் கேட்டாள். இசக்கியம்மாளுக்கு வாய் நீளம், அந்த வாயில்லாமல் அளத்தில் ஒரு நாள் நகராது.

"இது கம்பெனி வெயில் இல்ல. நம்ம வெயிலு" என்றாள் அமலோற்பவம்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது விளங்கியது. செல்போன் எந்நேரமும் சுட்டது, சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடக்கும்போதும் சுட்டது, மத்தியான மணலைக் கையில் அள்ளின மாதிரி.

பஸ் ஸ்டாண்டில் செல் ரிப்பேர் பார்க்கும் ஷேக் மதாரிடம் கொண்டுபோனாள். தலை நரைத்த மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு தேடுகிறவர். அதைத் திறந்து நாலைந்து இடம் தட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது ஒரிஜினல் கிடையாது. உடம்பு ஒருத்தருது, உசுரு இன்னொருத்தருது" என்றார். "சும்மா செட்டிங்ஸ்ல போயி ரீசெட் போட்டா போவாது, போன ஆளே திரும்பி எந்திரிச்சு வருவான். பவர் பட்டனையும் சத்தம் கூட்டுத பட்டனையும் சேத்து அமுக்கிப் பிடிக்கணும். கறுப்பா ஒரு ஸ்கிரீன் வரும். அங்க போயி அடியோட துடைக்கணும். அதோட பழைய மென்பொருள நான் ஒரு கார்டுல போட்டு உள்ள வச்சுத் தாரேன், துடைச்சதும் தானா ஏறிக்கிடும். ஆனா ஒண்ணு. உள்ள இருக்கது பூராம் போயிரும்."

"எங்க போவும்?"

ஷேக் மதார் இருபது வருஷமாக ஆயிரக்கணக்கான பேரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தார். ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. "எங்கன்னா? அழிஞ்சிரும்."

"பாத்தியில தண்ணி காயுது. அழிஞ்சா போவுது பாய்? மேல போயி எங்கனயோ மழையாப் பெய்யத்தான செய்யுது."

அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுக்கோ. இப்படியே வச்சிருந்தா இது சாட்சி. துடைச்சிட்டா வெறும் செல்லு."

சாட்சி என்ற சொல் எப்படியோ சின்ன முதலாளியின் காதுக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாசானம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அமலோற்பவம் வீட்டு வாசலில் வந்து நின்றார். சாயங்காலம் ஆறரை மணி. தெருவில் விளக்கு, வாசலில் வெயில். அந்த வெயிலைத் தெரிந்துகொண்டவர் போல அதற்கு வெளியிலேயே நின்றார்.

"மொதலாளிக்கு உம்மேல அக்கறை தாயி. அந்தச் செல்லுல வைரஸ் இருக்காம். கொடுத்தேன்னா அவங்களே ரீசெட் போட்டுப் புதுசு மாதிரித் தருவாங்க, உனக்குச் செலவு இல்ல."

"உடைக்கச் சொன்னத வித்தது நீங்கதான அண்ணாச்சி?"

மாசானம் வாழைப்பழத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "தரலேன்னா நாளையிலிருந்து உனக்கு அளம் இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க. உனக்கு மட்டும் இல்ல, நாப்பத்திரண்டு பேருக்கும்."

அமலோற்பவம் கொஞ்ச நேரம் வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "தாரேன். ஆனா வீட்டுல வச்சித் தரமாட்டேன். வர்ற வியாழக்கிழமை பேச்சி செத்த நாளு. அளத்துல, அவ விழுந்த எடத்துல, எல்லாரும் பாக்க, மொதலாளியே வந்து தன் கையால அமுக்கட்டும்" என்றாள்.

செய்தி கேட்ட சின்ன முதலாளி சிரித்தாராம். சாட்சியை எல்லோர் கண் முன்னாலும் அழிப்பது போன்ற நல்ல காரியம் வேறென்ன இருக்கிறது.

குழாயடியில் பெண்கள் அமலோற்பவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "பைத்தியமாட்டி உனக்கு?" என்றாள் இசக்கியம்மாள். "கையில கெடச்ச ஒத்தச் சாட்சிய அவங்கிட்டயே குடுத்துத் துடைக்கச் சொல்லுவியா? கலெக்டர்ட்ட கொண்டு போவோம். பேப்பர்ல போடச் சொல்லுவோம்."

"கலெக்டர் ஆபீஸ்ல போயி என்னன்னு சொல்லுவ? வெயிலு எங்க வீட்டுல லேட்டா மறையுதுன்னா?"

"அதுக்காவ?"

"செல்லுக்குள்ள சாட்சி மட்டும் இல்ல இசக்கி. ஏழு வருசமா நம்மகிட்ட எடுத்த பொழுதெல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. தொட்டுப் பாரு."

இசக்கியம்மாள் தொட்டாள், விரலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ஒருத்தியிடமிருந்து ஒருத்தியாக அந்தச் செல்போன் நாற்பத்து இரண்டு கைக்கும் போய்வந்தது, ஒவ்வொருத்தியும் அதில் தன்னுடையதை அடையாளம் கண்டது போல முகம் மாறினாள்: மகளுக்குத் தலை பின்னாமல் போன சாயங்காலங்கள், பால் கட்டி நெஞ்சு கனத்த மத்தியானங்கள், மார்க்கெட் கலைந்த பிறகு போய் வாங்கிய வாடின கீரைகள், ஆஸ்பத்திரியில் டோக்கன் முடிந்துபோன நாட்கள். கடைசியில் இசக்கியம்மாள், "சரி. தப்பாப் போச்சுன்னா உன்ன நானே பாத்தியில தள்ளுவேன்" என்றாள்.

வியாழக்கிழமை சின்ன முதலாளி ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் தங்க நிறக் கடிகாரம். கேட்டில் இருந்த தகரப் பெட்டி அவர் கடிகாரத்தைக் கேட்கவில்லை. மாசானம் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பெண்கள் வேலையை விட்டு வரப்பில் கூடினார்கள். கம்பத்துப் புதுச் செல்போனில் மணி ஒன்று பதினெட்டு, முதலாளியின் கடிகாரத்தில் மூன்று எட்டு, காலடியில் ஒன்று பதினெட்டின் நிழல்.

"சீக்கிரம் கொடும்மா. ஆயிரம் வேலை கிடக்கு."

"உள்ள இருக்கது பூராம் போயிரும் மொதலாளி" என்றாள் அமலோற்பவம். "அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"அது போகணும்னுதான வந்திருக்கேன்" என்று சின்ன முதலாளி எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தார். கறுப்புத் திரை வந்தது. அடியோடு துடைக்கட்டுமா என்று அது ஒரு தடவை கேட்டது, நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்டது, அவர் இரண்டு தடவையும் ஆமாம் என்றார். கம்பத்தில் மணி ஒன்று இருபது. செல்போன் அவர் உள்ளங்கையில் ஒரு நொடி நெருப்பாகக் கொதித்தது, பிறகு பாத்தித் தண்ணீர் போலக் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

அவர் அதை அமலோற்பவத்திடம் நீட்டிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார், கேட் கிட்டத்தில் வரவில்லை. கால் எட்டு வைத்தது, வரப்பு பின்னால் போனது, ஆனால் கேட் இருந்தது ஒன்று இருபத்தொன்றில், அவர் இருந்தது ஒன்று இருபதில். ஓடிப் பார்த்தார். திரும்பிப் பார்த்தபோது பெண்களுக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். கைக்கடிகாரம் நொடிமுள் நடுங்க மூன்று பத்தில் நின்றது.

பெண்கள் சூரியனை அண்ணாந்து பார்த்தார்கள், செல்போனுக்குள் கிடந்த தங்கள் பொழுதெல்லாம் வெளியே வந்து ஒன்று இருபதிலேயே தேங்கி நிற்கிறது என்று புரிந்துகொண்டார்கள், வரிசையாக நடந்து தட்டுமேட்டுக் கொட்டகைக்குள் போனார்கள். அந்த ஓலைக் கொட்டகை முதலாளியும் வியாபாரிகளும் வந்தால் உட்காருவதற்கு. ஏழு வருஷத்தில் எவளும் அதன் நிழலை மிதித்ததில்லை. இப்போது மிதித்தார்கள், ரப்பர் பூட்சைக் கழற்றினார்கள், காலை நீட்டினார்கள். திரும்பக் கிடைத்த பொழுதை என்ன செய்வது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கூச்சமாக இருந்தார்கள், விருந்துக்குப் போன வீட்டில் இருப்பது போல. பிறகு தூக்குச்சட்டிகளைத் திறந்து பழையதைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், விழித்தார்கள், ஒருத்தி தலையை ஒருத்தி அவிழ்த்துச் சிக்கெடுத்துப் பின்னினாள், நாலு வருஷமாகப் பேசாத இரண்டு சம்பந்திகள் தங்கள் சண்டையை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் போட்டு முடித்துச் சிரித்துக்கொண்டார்கள், மறுபடியும் தூங்கினார்கள். ஒன்று இருபது ஒன்று இருபதாகவே இருந்தது.

வெளியே உப்பின் மேல் இரண்டு ஆண்கள் நின்றார்கள். கொட்டகையில் இடமில்லை. வெயில் மேலிருந்தும் வந்தது, கீழே வெள்ளையிலிருந்தும் வந்தது, கறுப்புக் கண்ணாடிக்குப் பக்கவாட்டிலும் வந்தது. வரப்பில் உட்கார்ந்து பார்த்த சின்ன முதலாளி துள்ளி எழுந்தார். வெள்ளைச் சட்டை நனைந்து, காய்ந்து, நனைந்து, உப்புக் கோடு கோடாக வரைந்துகொண்டது. கடைசியில் நாக்கு ஒட்டிக்கொள்ள, அண்ணாந்து கம்பத்தைப் பார்த்து அவர் முனகினார்: "இன்னும் ஒண்ணு இருபதுதானா?"

கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சொல்லை அதே இடத்தில் அவர்கள் ஏற்கனவே கேட்டிருந்தார்கள்.

அமலோற்பவம் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். "குடிங்க. தண்ணி இல்லைன்னு சொல்ற பழக்கம் எங்களுக்கு இல்ல."

குடித்தார். "என்னதான் வேணும் உங்களுக்கு?"

"எழுத்து."

அவர் நோட்டைப் பிடுங்கி, மாசானத்திடம் கொடுக்காமல் தன் கையாலேயே எழுதினார், வியர்வை சொட்டச் சொட்ட எழுதினார்: பேச்சித்தாய், ஒன்று இருபதுக்கு, வேலையில், தலைச்சுமையோடு. எழுதிவிட்டுச் சூரியனைப் பார்த்தார். அது அசையவில்லை.

"எழுதிட்டேன்ல!" என்று கத்தினார்.

"எழுதிட்டீங்க. ஆனா பெட்டி இன்னும் போயிச் சேரலயே" என்றாள் அமலோற்பவம்.

எல்லோரும் வரப்பைப் பார்த்தார்கள். ஒரு வருஷமாகக் கவிழ்ந்து கிடந்த பெட்டி. மாசானம்தான் முதலில் நகர்ந்தார். மண்டியிட்டு அதை நிமிர்த்தி, பாத்தியிலிருந்து ஈர உப்பை இரண்டு கையாலும் அள்ளி நிரப்பினார், அள்ளும்போது, "நான் பாத்தேன் தாயி. அவ விழுந்தத நான் கண்ணால பாத்துட்டுத்தான் அப்படி எழுதினேன்" என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல். பிறகு தோள்துண்டைச் சும்மாடாகச் சுருட்டினார், குனிந்து பெட்டியின் காதைப் பிடித்தார்.

"நீங்க வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் இசக்கியம்மாள் கொட்டகையிலிருந்து. "நீங்க எழுதுன ஆளு. சொன்ன ஆளு சுமக்கட்டும்."

சின்ன முதலாளி நாற்பத்து இரண்டு முகத்தையும் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்தார். மாசானம் அவர் தலையில் சும்மாட்டை வைத்துவிட்டு விலகிக்கொண்டார். அமலோற்பவம் ஒரு காதைப் பிடித்தாள், அவரை மறு காதைப் பிடிக்கச் சொன்னாள், "ம்" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்த "ம்" வந்தது. பெட்டி ஏறி உட்கார்ந்தது.

உப்புத் தண்ணீர் முதலில் நெற்றியில் இறங்கும், பிறகு கண்ணில், பிறகு கழுத்து வழியாக முதுகில், அது இறங்குகிற இடமெல்லாம் பழைய காயம் இருந்தால் தெரியும், காயமே இல்லாவிட்டாலும் தெரியும். வரப்பு ஒரு பாத அகலம். அவர் தடுமாறினார், அமலோற்பவம் பின்னாலேயே நடந்தாள், தாங்கவில்லை, தள்ளவும் இல்லை, "இடது கால முன்ன வைங்க, அங்க வழுக்கும்" என்று மட்டும் சொன்னாள். பதினோராவது எட்டில் கொட்டகையில் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். பன்னிரண்டாவது எட்டு வந்தது. அதற்குப் பிறகு நூற்றுப் பதினாறு எட்டு. தட்டுமேட்டில் ஏறி, அம்பாரத்தின் மேல் அவர் பெட்டியைச் சாய்த்தார். பேச்சித்தாயின் உப்பு மற்ற உப்போடு சரசரவென்று சேர்ந்தது.

நிழல் அசைந்தது. துள்ளவில்லை, உறங்கி எழுந்தவள் கை நீட்டிச் சோம்பல் முறிப்பது போல மெல்ல நீண்டு, ஒன்று இருபதிலிருந்து கிளம்பி, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று எல்லா நேரத்தையும் தொட்டுக்கொண்டு போய், வெளியூருக்கெல்லாம் எங்கே இருந்ததோ அங்கே போய் நின்றது. சின்ன முதலாளியின் கடிகாரத்தில் நொடிமுள் ஓடத் தொடங்கியது. ஜீப் டிரைவரைக் கேட்டால், முதலாளி உள்ளே போனார், இரண்டு மூன்று நிமிஷத்தில் திரும்பி வந்தார், வந்தபோது பத்து வயது கூடியிருந்தது என்று இன்றைக்கும் சொல்வார். பெண்களின் மிச்சப் பொழுதெல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் காலனியில் இப்போது எந்த வீட்டிலும் சாயங்காலம் அவசரமாக முடிவதில்லை, செலவழித்துத் தீரவும் இல்லை.

மாசானம் கம்பத்தில் ஏறிப் புதுச் செல்போனை அறுத்து இறக்கினார். யாரும் சொல்லாமலே அந்த இடத்தில் கட்டுவதற்குக் கம்பியை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அப்போது அமலோற்பவத்தின் கையில் இருந்த பழைய செல்போன் விழித்தது. ஒன்றும் அறியாத முகத்தோடு வணக்கம் சொன்னது, எந்த மொழி என்று கேட்டது. தமிழ் என்றார்கள். பெயர் கேட்டது. அமலோற்பவம் கொஞ்சம் யோசித்துப் பேச்சித்தாய் என்று எழுதினாள். பிறகு, நேரத்தை அமைக்கவும் என்றது.

"மணி கேக்குதுட்டி" என்றாள் இசக்கியம்மாள். "இத்தன வருசம் நமக்குச் சொன்னது, இப்ப நம்மகிட்ட கேக்குது."

நாற்பத்து இரண்டு பெண்கள் கொட்டகையை விட்டு வெயிலில் இறங்கி நின்றார்கள், குனிந்து அவரவர் காலடியைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒரே குரலில் சொன்னார்கள்: "மூணு பத்து."

அமலோற்பவம் அப்படியே எழுதி, மாசானத்திடம் கட்டக் கொடுத்தாள். வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எல்லோரும் நடந்தார்கள், பேச்சித்தாயின் பெட்டியை அமலோற்பவம் இடுப்பில் வைத்துக்கொண்டாள், கேட்டைத் தாண்டினார்கள். ஒருத்தியின் நிழலும் துள்ளவில்லை.